மரக்கணக்கில் கூலி பேசினால் பெல்ட் கட்ட நேரம் ஏது?

02-06-2024, காலை | தோப்புக்காரர்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. எல்லாம் நெட்டை ரகம். 45 நாளுக்கு ஒரு காய் வெட்டு, கூலி மரக்கணக்கு, அதாவது ஏறுகிற மரத்துக்கு இவ்வளவு. விழாமல் காக்கும் பாதுகாப்பு பெல்ட் இரண்டு செட் வாங்கி வைத்தும் ஏறுகிறவர்கள் தொடுவதில்லை. கூலி முறைதான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஏற்கவில்லை. அதிகம் ஏறினவருக்கு அதிகப் பணம், இதைவிட நியாயமான கணக்கு கிடையாது. பெல்ட் கட்டாதது பழக்கம். கூலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மறுக்கிறவர்கள் கணக்கோடு மறுக்கவும்.

02-06-2024, இரவு | பயிற்சியாளர்

கணக்கோடே சொல்கிறேன். எண்கள் எடுத்துக்காட்டுக்கு. உங்கள் ஊர்க் கூலியைப் போட்டுப் பாருங்கள்.

மரத்துக்கு 40 ரூபாய். மரம் 15 மீட்டர். ஏறி, காய் வெட்டி, இறங்கி, அடுத்த மரத்தடிக்குப் போய்ச் சேர 8 நிமிடம். 50 மரத்துக்கு 400 நிமிடம், அதாவது 6 மணி 40 நிமிடம். கைக்கு 2,000 ரூபாய்.

இப்போது பெல்ட்டோடு. மரத்தைச் சுற்றிய இணைப்புக் கயிற்றை மீட்டருக்கு ஒரு தடவை மேலே தள்ள வேண்டும். ஒரு தள்ளலுக்கு 4 நொடி என்றால் 15 தள்ளலுக்கு ஒரு நிமிடம். இறங்கும்போது இன்னொரு நிமிடம். கொண்டையில், அதாவது மட்டை விரியும் உச்சியில், கட்ட 40 நொடி, அவிழ்க்க 20 நொடி. மொத்தம் 3 நிமிடம். மரத்துக்கு 11 நிமிடம் ஆனால் அதே 400 நிமிடத்தில் 36 மரம்தான். 1,440 ரூபாய். நாளுக்கு 560 ரூபாய் குறைகிறது.

பெல்ட்டின் விலையை நீங்கள் கொடுத்தீர்கள். அதைக் கட்டும் நேரத்தின் விலையை அவர் கொடுக்கிறார், ஒவ்வொரு நாளும். பழைய வருமானம் வர வேண்டுமானால் மரத்துக்கு 56 ரூபாய்க்குக் கிட்ட வரும். அதைக் கொடுத்துப் பார்த்த பிறகும் கட்டவில்லை என்றால் பழக்கம் என்று சொல்லலாம்.

15 மீட்டரிலிருந்து விழுந்தால் தரைக்கு வர 1.75 நொடி. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் வேகம். அந்த 3 நிமிடம் இதற்காகத்தான்.

03-06-2024 | கருவி பழுது பார்ப்பவர்

3 நிமிடம் அதிகம். அது காலில் மாட்டும் வெறும் தளைக்கயிற்றில் ஏறுகிறவர் கணக்கு. நின்று ஏறும் செம்பேரி மாடல் மரமேறும் கருவியில் இரண்டு காலும் கம்பிக்கயிற்று வளையத்தில் பூட்டியிருக்கும். ஏறும் வழியெல்லாம் இணைப்புக் கயிற்றைத் தள்ளிக்கொண்டே போக எவரும் சம்மதிக்க மாட்டார்கள். கொண்டையில் மட்டும் கட்டச் சொன்னால் ஒன்றரை நிமிடத்தில் முடியும்.

03-06-2024, இரவு | பயிற்சியாளர்

கருவியில் ஏறுகிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தும், திருத்திக்கொள்ளலாம். 9.5 நிமிடத்துக்கு ஒரு மரம் என்றால் 42 மரம், 1,680 ரூபாய். குறைவது 320. மரத்துக்கு 48 ரூபாய் கொடுத்தால் சமன்.

கொண்டையில் மட்டும் கட்டுவது பாதிப் பாதுகாப்புதான். அந்தப் பாதியை முதலில் வாங்கலாம் என்று நினைக்கிறேன். காரணம் இது: ஏறும்போது கருவி காலைப் பிடித்திருக்கிறது. கீழ்க்குலைக்குக் கொஞ்சம் தாழ கருவியை நிறுத்திவிட்டு, மிதியிலிருந்து காலை எடுத்து மட்டைகளுக்கு நடுவே ஏறுகிற அந்தச் சில நொடியில் அவரைப் பிடித்திருப்பது அவருடைய கை மட்டும். அந்தக் கை எதைப் பிடிக்கிறது என்பது அடுத்த கேள்வி. காய்ந்த மட்டையைப் பிடித்தால் மட்டை பன்னாடையோடு (மட்டையடியில் இருக்கும் வலை போன்ற நார்) கழன்று கையோடு வரும். இறங்கும்போது மிதியைக் காலால் தேடுகிற நொடியும் அதே மாதிரிதான்.

தளைக்கயிற்றில் மட்டும் ஏறுகிறவருக்கு இந்தப் பாதி போதாது. அவருக்கு 3 நிமிடக் கணக்குதான்.

05-06-2024 | பயிற்சியாளர்

கட்டுவது எப்படி என்று சொல்லாமல் கட்டுங்கள் என்று சொல்லிப் பயனில்லை.

மரத்தைச் சுற்றிச் சும்மா ஒரு வளையமாகப் போட்ட கயிறு, விழும்போது ஆளோடு சேர்ந்து மரத்தில் வழுக்கிக்கொண்டே கீழே வரும். தென்னையில் மட்டை விழுந்த தழும்புகளில் கொஞ்சம் மாட்டும், கொஞ்சம் மாட்டாது. அதை நம்ப முடியாது. வளையம் சுருக்காக இருக்க வேண்டும். கயிற்றின் ஒரு முனையில் உள்ள கண்ணுக்குள் மறுமுனையை நுழைத்து இழுத்தால், எடை ஏற ஏற இறுகும். கொண்டையில் கட்டும்போது சுருக்கு தண்டைச் சுற்றி, நல்ல பச்சை மட்டைகளின் அடிக்கு மேலாகப் போக வேண்டும். அப்போது கீழே வழுக்க மட்டையடியே தடை. ஒற்றை மட்டையில் கட்டக் கூடாது, பச்சையாக இருந்தாலும்.

கயிறு தளர்ந்து தொங்கக் கூடாது. இடுப்புக்கு மேலே கட்டி, தளர்வு ஒரு முழத்துக்குள் இருந்தால் விழுகிற தூரமும் அவ்வளவுதான். ஒரு மீட்டர் கயிற்றைக் காலடியில் கட்டிவிட்டு மேலே நின்று வேலை செய்தால், கயிறு இறுகுவதற்குள் இரண்டு மீட்டர் விழுந்திருப்பார். நைலான் தாங்கினாலும் முதுகு தாங்காது.

இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் மரத்தில் சாய்ந்து நிற்கத்தான். அதில் தொங்கினால் விலாவும் வயிறும் நசுங்கும், மூச்சு முட்டும். தோளும் தொடையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பெல்ட் வேண்டும்.

அப்புறம் அரிவாள். நாரால் ஆன கயிற்றுக்குப் பக்கத்தில் கூரான அரிவாளை வீசும் வேலை இது. பெல்ட் கட்டியவர் தன் கயிற்றைத் தானே வெட்டிக்கொள்ளும் ஆபத்து நிஜமானது. இணைப்புக் கயிற்றை அரிவாள் பிடிக்காத கைப்பக்கம் வைக்கவும். குலைக்காம்பை உடம்பை விட்டு வெளிப்பக்கமாக வெட்டவும். கயிற்றின்மேல் தோட்டக் குழாயை ஒரு மீட்டர் நறுக்கி உறையாகப் போடலாம். உள்ளே கம்பி ஓடும் இணைப்புக் கயிறு இதைவிட நல்லது.

05-06-2024 | மரம் ஏறுபவர்

உறை போட்டால் சுருக்கு இறுகாது. அனுபவத்தில் சொல்கிறேன்.

06-06-2024 | பயிற்சியாளர்

சரி. சுருக்கு இறுகும் பகுதிக்கு உறை வேண்டாம். இடுப்பு வளையத்திலிருந்து கைக்கு எட்டும் தூரம் வரை மட்டும் உறை. அரிவாள் படும் இடமும் அதுதான். நேற்றைய குறிப்போடு இதைச் சேர்த்துப் படிக்கவும்.

09-06-2024 | பயிற்சியாளர்

கூலி முறைக்குத் திரும்புகிறேன். இதில் அதிகம் பேசப்படாதது கொண்டை சுத்தம்.

தென்னை மாதத்துக்குச் சுமார் ஒரு மட்டை விடும். ஒவ்வொரு மட்டை இடுக்கிலும் ஒரு பாளை. ஆக ஒரு வெட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒன்றிரண்டு மட்டை காயும், வெடித்த பாளையும் பன்னாடையும் குரும்பை உதிர்ந்த காம்பும் தங்கும். இவற்றை எடுக்க 2 நிமிடம். மரக்கணக்கில் அந்த 2 நிமிடத்துக்குக் காசு இல்லை, அதனால் விட்டுவிடுகிறார்கள். அடுத்த வெட்டில் கொண்டையில் காய்ந்த மட்டை நாலு. அதற்கு அடுத்ததில் ஆறு. இப்போது மேலே வருகிறவருக்குக் கை வைக்கிற இடமெல்லாம் காய்ந்தது. குளவி கட்டியிருக்கும், தேள் இருக்கும், எலி கூடு வைத்திருக்கும். சிவப்புக் கூன் வண்டும் காண்டாமிருக வண்டும் இந்தக் குப்பைக்குள்தான் கண்ணுக்குத் தப்பும்.

இன்று மிச்சமான 2 நிமிடத்தின் ஆபத்து 45 நாள் கழித்து வேறொரு ஆளுக்குப் போகிறது. அதே ஆள்தான் வருவார் என்பதில்லை. மரக்கணக்கில் இருக்கிற பெரிய கோளாறு இதுதான் என்பது என் கருத்து, பெல்ட்டைவிட.

வழி: வெட்டுக்கு ஒரு விலை, கொண்டை சுத்தத்துக்குத் தனி விலை. சுத்தம் செய்ததைக் கீழே கிடக்கிற மட்டையை வைத்தே எண்ணிவிடலாம், மேலே ஏறிப் பார்க்க வேண்டியதில்லை.

10-06-2024 | தோப்புக்காரர்

காய்க்கணக்கில் கொடுத்தால்? இங்கே வியாபாரிகள் சிலர் அப்படித்தான் கொடுக்கிறார்கள்.

10-06-2024 | பயிற்சியாளர்

காய்க்கணக்கில் அவசரம் குறையாது, இடம் மாறும். காய் குறைவான மரத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். முற்றாத குலையும் சேர்ந்து விழும். தேங்காய் முற்ற 11, 12 மாதம் ஆகும். 10 மாதக் காயை வெட்டினால் கொப்பரை எடையில் உங்களுக்கு நட்டம். குலை எட்டாத பக்கம் இருந்தால் உடம்பை வெளியே சாய்த்து எட்டுவார். ஒரு குலை விட்டால் கூலி போகிறது அல்லவா. அந்தச் சாய்வில் பெல்ட் இன்னும் அதிகமாகத் தேவை, ஆனால் அந்தக் கூலி அதைக் கட்டத் தூண்டாது.

நாள் கூலியில் அவசரம் இல்லை. ஆனால் உங்கள் மரம் மூன்று நாளில் முடிகிறது ஐந்து நாளாகும் என்று நீங்களே நினைப்பீர்கள், அந்தப் பயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. நடுவழி ஒன்று உண்டு. வந்ததற்கு ஒரு நிலையான தொகை, அதன்மேல் மரக்கணக்கு, நாளுக்கு உச்சமாக இத்தனை மரம் என்று காலையிலேயே பேசி முடிவு. 15 மீட்டர் மரம் 50 என்றால் 750 மீட்டர் ஏற்றம், அதே அளவு இறக்கம், வெயிலில். "இன்னும் பத்து மரம்தானே, முடிச்சுட்டுப் போயிடுங்க" என்று நாலு மணிக்குச் சொல்கிறோமே, அந்தப் பத்து மரத்தைச் சொல்லுகிறேன். கைப்பிடி தளர்ந்திருக்கும். தோப்புக்காரர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரக் கூடாது.

உயரத்துக்கு ஏற்ற விலையும் வேண்டும். 6 மீட்டருக்குள் உள்ளதைத் தரையிலிருந்தே துரட்டியில் வெட்டலாம், அது ஒரு விலை. 12 மீட்டர் வரை இன்னொன்று. அதற்கு மேல் இன்னொன்று. எல்லாம் ஒரே விலை என்றால் குட்டையானதை முதலில் முடித்து எண்ணிக்கை சேர்ப்பார்கள். உயர்ந்த மரங்கள் களைத்துப்போன மத்தியானத்துக்குத் தள்ளப்படும். உண்மையில் உயர்ந்தவை காலையில் முதலில் போக வேண்டும்.

16-06-2024 | பயிற்சியாளர்

ஏறக் கூடாத மரங்கள். ஏறுகிறவருக்கும் தெரியும். ஆனால் ஏறாவிட்டால் கூலி இல்லை என்கிற முறையில் தெரிந்ததே மறந்துபோகும்.

அடித்தண்டில் செம்பழுப்பு நீர் கசிகிறதா? தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். 1952 வாக்கில் தஞ்சாவூர்ப் பக்கம் கண்டதால் அந்தப் பெயர். கானோடெர்மா பூசணம் அடித்தண்டையும் வேரையும் அழுக வைக்கும். மேலே கொண்டை ஓரளவு பச்சையாகவே இருக்கும்போது அடி பொத்தலாகியிருக்கும். கத்தியின் பின்பக்கத்தால் தட்டிப் பாருங்கள். நல்ல தண்டில் கெட்டியான சத்தம், அழுகினதில் பொக்கையான சத்தம். அடியில் காளான் முளைத்திருந்தால் தட்டிப் பார்க்கவே வேண்டியதில்லை.

நடுக்குருத்து சாய்ந்து, இழுத்தால் கையோடு வந்து நாற்றமடித்தால் குருத்து அழுகல். கூன் வண்டு குடைந்த மரத்தில் தண்டில் துளையும் மென்ற நாரும் தெரியும். கொண்டை ஒரு நாள் அப்படியே முறிந்து விழும். அந்தக் கொண்டையில்தான் பெல்ட்டைக் கட்டச் சொல்கிறோம் என்பதை நினைவில் வைக்கவும்.

பழைய மரங்களில் படி வெட்டியிருந்தால் அந்த வெட்டில் தண்ணீர் தங்கி உள்ளே அழுகியிருக்கும். கால் வைத்தால் படி உடையும். இனிமேல் படி வெட்டவே வேண்டாம். கூன் வண்டு முட்டையிடக் காயம் தேடித்தான் வருகிறது.

புயலுக்குப் பிறகு தனியாகப் பார்க்கணும். 2018 நவம்பர் 16-இல் கஜா கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் விழுந்த மரங்களை எல்லோரும் எண்ணினார்கள். விழாமல் நின்றவற்றில் வேர் ஒரு பக்கம் தூக்கியவையும் கொண்டை முறுக்கிக்கொண்டவையும் இருந்தன. அடிமண்ணில் பிறை வடிவில் வெடிப்புத் தெரிந்தால் வேர் அசைந்திருக்கிறது.

17-06-2024 | பயிற்சியாளர்

மேலே சொன்னதற்கு ஒரு வரி சேர்க்க மறந்தேன், அதுதான் முக்கியம். பார்த்து, தட்டி, "இது வேண்டாம்" என்று ஒதுக்கிய மரத்துக்கும் பாதிக் கூலி கொடுங்கள். ஒரு வெட்டில் அப்படி ஐந்தாறு மரம் வந்தால் உங்களுக்கு நூறு, நூற்றிருபது ரூபாய். நோய் வந்த மரத்தையும் சேர்த்துக் காட்டிக் கொடுக்கிறார்.

30-06-2024 | கருவி பழுது பார்ப்பவர்

கருவியைப் பற்றி நானே எழுதிவிடுகிறேன். பழுதுக்கு வருவதில் திரும்பத் திரும்பப் பார்க்கிற இடங்கள்:

கம்பிக்கயிறு உறைக்குள் நுழைகிற வளைவு. அங்கேதான் இழை அறும். வெறுங்கையால் தடவாதீர்கள், பழந்துணியால் தடவுங்கள். நூல் மாட்டினால் இழை அறுந்திருக்கிறது. அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டோ வெல்டு வைத்தோ ஓட்டக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். வெல்டு சூட்டில் சுற்றியுள்ள நல்ல இழையும் பலம் இழக்கும்.

யு கிளாம்ப், அதாவது மடித்த கம்பிக்கயிற்று முனையை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு. யு வளைவு கயிற்றின் உபரி முனைப்பக்கம் உட்கார வேண்டும். அடிக்கட்டை எடை தாங்கும் பக்கம் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் எடை தாங்கும் கயிற்றை யு நசுக்கும். குறைந்தது இரண்டு கிளாம்ப், மூன்று நல்லது. புதிதாகப் போட்டால் ஒரு தடவை எடை ஏற்றிப் பார்த்துவிட்டு நட்டை மறுபடி இறுக்கவும்.

ரப்பர் உறை தேய்ந்து பளபளப்பானால் ஈர மரத்தில் வழுக்கும்.

வளைய அளவு. அடி பருத்து மேலே மெலியும் மரத்தில், அடியில் சரியாக வைத்த வளையம் மேலே தளர்கிறது. தளர்ந்தால் மிதி முன்பக்கம் சாயும், கால் வழுக்கும். பாதியில் நின்று ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். ஒரு காலில் முழு எடை வைத்து, மற்றதன் வளையத்தைச் சுருக்கி, பூட்டுக் குமிழைத் திருகி, அதில் எடை ஏற்றிப் பார்த்த பிறகுதான் அடுத்தது. இதற்கும் முக்கால் நிமிடம் போகும்.

01-07-2024 | பயிற்சியாளர்

அந்த முக்கால் நிமிடத்தை என் 9.5-இல் சேர்க்கவில்லை. சேர்த்தால் 10.25 நிமிடம், 39 மரம், மரத்துக்கு 51 ரூபாய். ஒவ்வொரு பாதுகாப்புக் காரியமும் இப்படி நொடிக் கணக்கில்தான் வந்து சேரும். தனித்தனியாகப் பார்த்தால் எதற்கும் கூலி கேட்கத் தோன்றாது, கேட்டால் சின்னத்தனமாகத் தெரியும். அதனால்தான் கேட்காமல் செய்யாமல் விடுகிறார்கள்.

14-07-2024 | பயிற்சியாளர்

மின்கம்பி. தோப்பு ஓரத்தில் லைன் போகும் மரங்களை மரக்கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகு அந்த வரிசையை மட்டும் தனி நாளில் செய்யுங்கள். பச்சை மட்டையில் நீர் இருக்கிறது. வெட்டிய மட்டை கம்பிமேல் சாய்ந்தால் ஓலை வழியாகவே மின்சாரம் வரும். அலுமினியத் துரட்டி இன்னும் மோசம். 6 மீட்டர் கோலை நிமிர்த்தும்போது மேலே பார்ப்பது அரிவாளையும் குலையையும்தான், பக்கத்துக் கம்பியை இல்லை. மூங்கில் கோல் காய்ந்திருந்தால் பரவாயில்லை என்பார்கள். மழைக்காலத்தில் மூங்கிலும் காய்ந்திருக்காது.

21-07-2024 | தோப்புக்காரர்

நான் மரத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டேன் என்று வையுங்கள். ஆள் வியாபாரி ஆள். விழுந்தால் யார் பொறுப்பு?

21-07-2024, இரவு | பயிற்சியாளர்

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். (பின்குறிப்பு: 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இதன் இடத்துக்கு வந்தது. கீழே உள்ளது 2024 நிலவரம்.) தன் தொழிலின் வழக்கமான வேலையை ஒப்பந்தக்காரர் மூலம் செய்விக்கும் முதன்மை முதலாளியிடமிருந்தும் இழப்பீடு கேட்கலாம் என்கிறது 12-ஆம் பிரிவு. தேங்காய் வெட்டுவது வியாபாரியின் தொழிலிலேயே ஒரு பகுதி. நடுவில் மேஸ்திரி இருக்கிறார் என்று அவர் நழுவுவது எளிதல்ல. அட்டவணையில் பனை வகை மரங்களில் பதநீர் இறக்கும் வேலையும் மரம் வெட்டும் வேலையும் பெயர் சொல்லியே வருகின்றன.

கூலி முறைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. இறந்தால் இழப்பீடு, மாதக் கூலியில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்கி வருவது. 2020 ஜனவரியிலிருந்து கணக்குக்கு எடுக்கும் மாதக் கூலியின் உச்சம் 15,000. 40 வயதுக்குக் காரணி 184.17. ஆக 7,500 பெருக்கல் 184.17, அதாவது 13,81,275 ரூபாய். இதற்கு மாதக் கூலி எவ்வளவு என்று காட்ட வேண்டும். மாதச் சம்பளம் இல்லாத ஆளுக்கு, அந்த முதலாளியிடம் கடைசியாகத் தொடர்ந்து வேலை செய்த நாட்களின் கூலியை நாட்களால் வகுத்து 30-ஆல் பெருக்குகிறார்கள். மரக்கணக்கில் வாங்கிய பணத்துக்குச் சீட்டு ஏது? ஆகவே நோட்டு எழுதுங்கள். தேதி, தோப்பு, மர எண்ணிக்கை, தொகை, கொடுத்தவர் கையெழுத்து. மேஸ்திரி எழுதட்டும் என்று விடாமல் ஏறுகிறவர் தானே ஒன்று வைத்திருக்க வேண்டும். கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பினால் அதுவே சான்று.

1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவையும் படியுங்கள். (பின்குறிப்பு: இதன் இடத்துக்கும் 2025 நவம்பரில் கூலிச் சட்டத் தொகுப்பு வந்தது.) நேரக் கணக்கில் மட்டும் குறைந்தபட்சக் கூலி வைத்திருக்கும் தொழிலில் எண்ணிக்கைக் கணக்கில் கொடுத்தாலும், அந்த நேரக் கூலிக்குக் குறையக் கூடாது.

காப்பீடு: தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்‌ஷா. தென்னை ஏறுகிறவர்களுக்கென்றே உள்ள விபத்துக் காப்பீடு, பிரீமியத்தில் பெரும்பகுதி வாரியம் கட்டும். 2011-இல் கேரளத்தில் தொடங்கிய தென்னை மர நண்பர்கள் பயிற்சியும் இதே வாரியத்தினுடையது, ஆறு நாள். ஏறுகிறவர் பங்குத் தொகையைத் தோப்புக்காரரே கட்டிவிடலாம். வருஷத்துக்கு ஒரு தடவைதான். புதுப்பிக்கும் தேதியை வெட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கவும். காலாவதியான பாலிசி கையில் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

04-08-2024 | மரம் ஏறுபவர்

பனை ஏறுகிறவர்கள் பெல்ட் இல்லாமல் பரம்பரையாக ஏறுகிறார்களே. தளைநார், மார்ப்பட்டை, இடுப்பில் அரிவாள் பெட்டி, அவ்வளவுதான்.

04-08-2024 | பயிற்சியாளர்

ஏறுகிறார்கள், விழவும் செய்கிறார்கள். ஆனால் வேலையின் அமைப்பு வேறு. தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் பருவத்தில் ஒரு பனையேறி அதே மரங்களில் காலையும் மாலையும் ஏறுகிறார். எந்த மரத்தில் எந்த மட்டை ஆடும் என்று அவருக்கு நேற்றே தெரியும். பாளையைச் சீவவும் கலயம் மாற்றவும் பொறுமையாகத்தான் முடியும், அவசரப்பட்டால் பதநீர் கெடும். ஆக அந்த வேலையே அவரை நிதானத்தில் வைக்கிறது. தென்னையில் ஒப்பந்தத்துக்குப் போகிற குழு இன்றைக்கு ஒரு தோப்பு, நாளைக்கு வேறு தோப்பு. ஒவ்வொரு மரமும் அந்நிய மரம்.

தோப்புக்காரர்களுக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. முடிந்தவரை அதே குழுவை வருஷம் முழுவதும் கூப்பிடுங்கள். மரத்துக்கு எண் எழுதுங்கள். குளவி இருந்தது, அடி கசிந்தது, படி உடைந்தது என்று எண்ணோடு குறித்தால் அடுத்த வெட்டுக்கு வருகிறவருக்கு அது தெரியும்.

13-10-2024 | பயிற்சியாளர்

வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. மழையில் ஏறச் சொல்லி யாரும் வாயால் சொல்வதில்லை. ஆனால் குழு வண்டி பிடித்து வந்துவிட்டது, ஒன்பது மணிக்குத் தூறுகிறது, திரும்பிப் போனால் வண்டிச் செலவு அவர்கள் தலையில். பத்து மணிக்குத் தூறல் நிற்கும். மரம் காயாமலே ஏறுவார்கள். வடக்குப் பக்கத்தில் பாசி படிந்த தண்டு காயப் பல மணி நேரம் வேண்டும். இங்கே வருகைத் தொகைதான் பெல்ட். மழை வந்தால் வண்டிச் செலவும் பாதி நாள் கூலியும் உண்டு என்று முதல் நாளே சொல்லியிருந்தால் காத்திருப்பார்கள், அல்லது திரும்பிப் போவார்கள். இடி கேட்டால் பேச்சே வேண்டாம், இறங்க வேண்டியதுதான். தோப்பிலேயே நிற்காமல் கட்டடத்துக்குள் போகவும்.

20-10-2024 | தோப்புக்காரர்

இந்த வெட்டுக்கு மாற்றிப் பார்க்கிறேன். வருகைத் தொகை, உயரத்துக்கு ஏற்ற மூன்று விலை, கொண்டை சுத்தம் தனி, ஒதுக்கிய மரத்துக்குப் பாதி, நாளுக்கு 40 மரம் உச்சம். பெல்ட் கட்டினால் தனித் தொகை என்றும் வைக்கலாமா?

20-10-2024 | பயிற்சியாளர்

வேண்டாம். தனித் தொகை என்றால் கட்டாமல் விட்டு அந்தத் தொகையை இழப்பதும் அவர் விருப்பம் என்றாகிவிடும். மர விலைக்குள்ளேயே சேருங்கள், பெல்ட் இல்லாமல் ஏற்றுவதில்லை என்று சொல்லுங்கள்.

இன்னொன்று: பெல்ட் கட்டினவர் விழுந்தால் மேலே தொங்குவார், அவரை இறக்கத் திட்டம் வேண்டும். அசையாமல் தொங்கினால் ரத்தம் காலிலேயே தேங்கும். சில நிமிடத்திலேயே மயக்கம் வரலாம். நினைவு இருந்தால் கயிற்றுத் துண்டில் வளையம் போட்டு அதில் காலை ஊன்றி எடையை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தத் துண்டு, இரண்டு மீட்டர், பெல்ட்டிலேயே கட்டியிருக்கட்டும். தரையில் இரண்டாவது கருவியும் ஏறத் தெரிந்த இரண்டாவது ஆளும் வேண்டும். அவருடைய கருவி மேலே உள்ள கருவியைத் தாண்டாது, அதற்குக் கீழே நின்றுதான் தாங்கிப் பிடிக்க முடியும். இறக்குகிற கயிறு மர உயரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். 15 மீட்டர் மரத்துக்கு 35 மீட்டர். பச்சை மட்டையடிகளுக்கு மேலாகத் தண்டைச் சுற்றிக் கொண்டுவந்து, தரையில் பக்கத்து மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் ஒருவரே இறக்கலாம். ஆபத்தில்லாத ஒரு நாளில், 3 மீட்டர் உயரத்தில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டு ஒரு தடவை செய்து பாருங்கள். அதோடு 108-க்கும் 101-க்கும் உடனே போன் போக வேண்டும், தோப்புக்கு வரும் வழியைச் சொல்லத் தெரிந்த ஆள் பேச வேண்டும்.

இந்த இரண்டாவது ஆளுக்கு மரக்கணக்கு வைக்காதீர்கள். அவரும் மரத்தில் ஏறிக்கொண்டிருந்தால் கீழே யாரும் இல்லை. காய் பொறுக்கும் வேலையை அவரிடம் கொடுத்து நாள் கூலி போடுங்கள்.

21-10-2024 | தோப்புக்காரர்

பொறுக்குகிறவர் மரத்துக்கு நேர் கீழே நிற்பாரே?

21-10-2024 | பயிற்சியாளர்

மேலே அரிவாள் இருக்கும்வரை கொண்டையின் விரிவுக்கு வெளியே, குறைந்தது 6 மீட்டர் தள்ளி. ஏறியவர் "வெட்டு முடிஞ்சது" என்று குரல் கொடுத்த பிறகு உள்ளே வரட்டும். ஹெல்மெட் இருவருக்கும், தாடைப் பட்டியோடு.